புள்ளி வைத்த கோப்பு

சண்முகவடிவு அக்கா ‘எக்ஸிட்’ என்ற சொல்லை விலக்கி வைத்த அந்த ஐப்பசி மாதத்துப் புதன்கிழமையிலிருந்து பத்து மாதத்துக்கு, வடகால்புதூரை விட்டுக் கிளம்பிய ஒருவர்கூட விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பாமல் இருந்ததில்லை, அவர் கோயம்புத்தூருக்குக் கிளம்பியிருந்தாலும் சரி, குவைத்துக்குக் கிளம்பியிருந்தாலும் சரி, போன இடத்தில் செத்தே போயிருந்தாலும் சரி. வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள், நம்பவைக்க எனக்கும் தெம்பில்லை. என் பெயர் மந்திரமூர்த்தி, ஆபீசில் மந்திரம் என்று கூப்பிடுவார்கள், இந்தக் கதையில் மந்திரம் என்று இருப்பது நான் ஒருத்தன்தான்.

எங்கள் ஆபீஸ் பழைய பஞ்சு மில்லின் மாடியில் இருக்கிறது. இருபத்து மூன்று பேர் உட்கார்ந்து, கடல் கடந்த ஏதேதோ ஊர்களின் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களை இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்கிறோம். எங்கள் திரையில் படம் கிடையாது, அமுக்கப் பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும், அதன் பக்கத்தில் ஒரு சொல்லை அடித்தால் அது ஒரு வேலையைச் செய்யும், அதற்கு ஷெல் என்று பெயர். எந்தச் சொல்லுக்கு எந்த வேலை என்பதை அவரவர் இஷ்டத்துக்கு மாற்றி எழுதி வைத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு உண்டு, அதன் பெயர் ஒரு புள்ளியில் ஆரம்பிக்கும். தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் அதன் உயிர் போய்விடும், இங்கே பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால் கோப்பு கண்ணுக்கு மறைந்துவிடும். உள்ளே இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும், பட்டியல் கேட்டால் மட்டும் தலைகாட்டாது. எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒரு ஆள் உண்டு.

செய்யது அண்ணன் தன் கோப்பில் எழுதி வைத்திருந்ததால் அவர் திரை ஒவ்வொரு வரியிலும் ‘சொல்லுங்க அண்ணாச்சி’ என்று கைகட்டி நிற்கும். பேச்சிமுத்து நாற்பத்தைந்து சுருக்கச் சொற்களை எழுதிவைத்து, எது எதற்கென்று மறந்துபோய், அதைப் பார்க்க ஒரு நோட்டு வைத்திருந்தான். நான் திரையைத் துடைப்பதற்கு ‘தூ’ என்று வைத்திருந்தேன். ஆளுக்கொரு கிறுக்கு, யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு புள்ளிக் கோப்பு உண்டு, அதில் கைவைக்கிற சாவிச்சொல் எங்கள் தலைமையான சண்முகவடிவு அக்காவிடம் மட்டும் இருந்தது.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், சட்டைப் பித்தான் தைக்காமல் கிடந்ததற்காக ஏற்பட்ட சண்டையில், அவள் புருஷன் ஆவுடையப்பன் வாசலில் நின்று “போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் யாரும் வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். எங்கே போனாலும் “போய்ட்டு வாரேன்”தான், அவசரமென்றால் “வாரேன்” மட்டும், சாவு விழுந்த துஷ்டி வீடு என்றால் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போவோம். பத்தேகால் மணிக்கு பைபாஸ் ரோட்டில் ஒரு லாரி அவரை அடித்துப் போட்டது. “வாரேன்னு சொல்லிருந்தா வந்திருப்பாரு மந்திரம்” என்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், நான் ஒவ்வொரு தடவையும் ஆமாக்கா என்றுதான் சொன்னேன்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள் பேச்சிமுத்து தன் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டு, மூடி வெளியேறுகிற எக்ஸிட்டை அடித்தான், அது ஏழு கடல் தாண்டிய ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர், அங்கே பாதியில் ஓடிக்கொண்டிருந்த வேலை அப்படியே அறுந்துபோனது. அக்கா அவனைத் திட்டவில்லை. புதன்கிழமை காலை வந்ததும் பொதுக் கோப்பைத் திறந்து மூன்று வரி எழுதினாள். முதல் வரியின்படி, யாராவது எக்ஸிட் என்று அடித்தால், ‘அப்படிச் சொல்லக் கூடாது’ என்று திரை கண்டித்துவிட்டுச் சும்மா இருக்கும். இரண்டாம் வரியின்படி, வெளியேற வேண்டுமானால் ‘வாரேன்’ என்று அடிக்க வேண்டும், அடித்தால் எல்லாம் பத்திரமாக மூடி, மறுநாள் விட்ட இடத்திலேயே திறக்கும். ஒன்றும் சொல்லாமல் விசைப்பலகையில் இரண்டு கட்டையை மட்டும் சேர்த்து அமுக்கி நழுவுகிற வழி ஒன்று உண்டு, மூன்றாம் வரி அதையும் ‘வாரேன்’ என்றே எடுத்துக்கொள்ளும். நாங்கள் சிரித்துக்கொண்டே கைதட்டினோம்.

மறுநாள் காலை, தையல்கடை தவசுக்கனியின் மகள் மாலதி, தலைதீபாவளி முடிந்து கோயம்புத்தூரில் இருக்கிற புருஷன் வீட்டுக்கு, “வாரேம்மா” என்று சொல்லிப் பஸ் ஏறினாள். சாயங்காலம் ஆறு இருபதுக்குப் புறவாசலில் நின்று கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். திண்டுக்கல் தாண்டினது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது என்றாள். அவள் அம்மா, “வந்துட்டியா, காப்பி போடட்டா?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த வாரத்திலேயே ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. காலையில் போன பிள்ளைகளுக்காக யாரும் தெருமுனையில் நிற்கவில்லை, ‘எங்கட்டி இருக்க’ என்று யாரும் போன் பண்ணவில்லை, நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று அம்மன் கோயிலில் முடிந்து வைத்த மஞ்சள் துணிகளை அவரவர் வந்து அவிழ்த்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர்ப் பஸ்ஸின் கண்டக்டர், போகும்போது நிற்க இடமில்லை, வரும்போது நானும் டிரைவரும்தான் என்று டீக்கடையில் புலம்பினார். ஜனத்தொகை எடுக்க வந்த வெளியூர் வாத்தியார் ஒருவர் பாவம், மரியாதைக்காரர், ஏறி இறங்கின நாற்பத்தோரு வீட்டிலும் “வாரேன்” என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து சாயங்காலத்துக்கு ஒரு வீடாக முறை வைத்து வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார், எங்கள் வீட்டு முறைக்கு அவருக்குப் பிடித்த சுண்டல் செய்துவைப்போம். பெண் எடுக்க வெளியூர்க்காரர்கள் யோசித்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளையாக வரச் சம்மதித்தால்தான் தரகர் ஜாதகத்தையே கையில் வாங்கினார்.

கார்த்திகை முடிவதற்குள் இந்தச் சந்தோஷம் புளித்துவிட்டது. குவைத்தில் வேலை கிடைத்த வெல்டர் தங்கத்துரை பதினோரு தடவை விமானம் ஏறி, பதினோரு தடவையும் சாயங்காலம் தன் கட்டிலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டாம் தடவை கிளம்பவில்லை, சவரம் பண்ணிக்கொள்வதையும் விட்டுவிட்டு வாய்க்கால் மதகில் உட்கார ஆரம்பித்தான், கொஞ்ச நாளில் அவன் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். யார் கிளம்பினாலும் வாசல் வரைக்கும் வந்து பார்க்கிற வழக்கம் நின்றது. எப்படியும் வந்துவிடப் போகிறவர்களை எதற்குப் பார்ப்பது என்று உள்ளே இருந்தே தலையாட்டினார்கள்.

மார்கழியில் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் நாகலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனார். காரில் ஏறும்போது பெண்சாதி இசக்கியம்மையைப் பார்த்து “வாரேன்” என்றார். மத்தியானம் உயிர் போனது, உடம்பை வாங்கிவந்து மூன்று மணிக்குள் எரித்தார்கள், ஆறு இருபதுக்கு அவர் தன் வீட்டு முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் அலறவில்லை. அவர் எதுவும் சாப்பிடவில்லை, பேசவில்லை, விடிந்ததும் ஆளைக் காணவில்லை, மறுநாள் சாயங்காலம் மறுபடியும் இருந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவரிடமே விசாரிப்பதா, இசக்கியம்மையிடம் விசாரிப்பதா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் எங்கள் மாடியில் இருக்கிற மூன்று வரி என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். செய்யது அண்ணன் ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தார். “அக்கா, அந்த மூணு வரியை எடுத்துப் பாப்பமா?”

“எதுக்கு? ஊர்ல எல்லாரும் பொழுது சாய வீட்ல இருக்காவ. இது ஒரு குத்தமா?”

“நாகலிங்கம் மாமா…”

“அவரும் வீட்லதான இருக்காரு.”

அக்கா முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறேன் என்று அவளே சொன்னாள், அதைக் கேட்ட பிறகு நாங்கள் அவரவர் திரைக்குத் திரும்பிக்கொண்டோம்.

மாசியில் இசக்கியம்மையே மில்லின் படியேறி வந்தாள். மூச்சு வாங்க என் நாற்காலியில் உட்கார்ந்தாள். “வடிவு, நீ என்னமோ எழுதி வச்சிருக்கியாமே, அதை அழிச்சிரு தாயி. மனுசன் வாராரு, சரி. நான் அழுது முடிக்கணும்லா? தெனமும் வந்து எதுத்தாப்ல உக்காந்தா நான் எப்ப அழ?”

“பாக்குதேன் மதினி” என்றாள் அக்கா. இசக்கியம்மை இறங்கிப் போன பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம், “அவளுக்காவது வாராரு” என்றாள். அந்தக் கோப்பை அன்றைக்கு அவள் திறக்கவில்லை.

அக்காவுக்கு ஒரே மகள், கோமு, இருபத்தைந்து வயது. பனிப்பாறையைக் குடைந்து எடுத்து, அதற்குள் அடைபட்டிருக்கிற ஆயிரம் வருஷத்துக் காற்றை ஆராய்கிற ஒரு படிப்பு, அதற்கு நார்வே நாட்டில் அவளுக்கு இடம் கிடைத்தது. வெயிலைத் தவிர வேறெதையும் கண்டிராத ஊரில் பிறந்த பெண்ணுக்கு இப்படி ஓர் ஆசை எங்கிருந்து வந்ததோ, எட்டாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு இந்தப் பைத்தியம்தான். செப்டம்பர் நாலாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு என்று கடிதம் வந்திருந்தது.

ஆனி மாதத்தில் முதல் தடவை கிளம்பினாள். நான்தான் பைக்கில் பஸ் ஸ்டாண்டில் கொண்டு விட்டேன். விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டாள், சாயங்காலம் அடுக்களையில் அதே பெட்டியோடு நின்றாள். இரண்டாம் தடவை அம்மாவிடம் ஒன்றுமே சொல்லாமல் கிளம்பிப் பார்த்தாள், மூன்றாம் வரி அவளையும் பிடித்தது. மூன்றாம் தடவை வாசலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்லப் பார்த்தாள். “போ” வரைக்கும் வந்தது, அப்புறம் நாக்கு தானாகப் புரண்டு “போய்ட்டு வாரேன்” என்றுதான் முடிந்தது. மூன்று சாயங்காலமும் அக்கா சுடச்சுடத் தோசை வார்த்துப் போட்டாள்.

“அம்மா, எடுத்துரும்மா.”

“எடுக்குதேன்டி. ஆடி முடியட்டும்.”

“ஆடிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதை எடுத்தா நீ திரும்பி வருவன்னு என்ன நிச்சயம்?”

“நிச்சயம் இல்லம்மா. யாருக்கும் கெடையாது.”

“எனக்கு இருக்கு” என்றாள் அக்கா. அந்த மூன்றாம் சாயங்காலம் நானும் அந்த வீட்டில் தோசை தின்றுகொண்டு இருந்தேன், இந்தப் பேச்சில் எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல் சட்னி கேட்டேன்.

ஆடி முடிந்தது, ஆவணி பிறந்தது. வெள்ளிக்கிழமை வேண்டாம், அமாவாசை போகட்டும், திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலை என்று அக்கா நாள் தள்ளிக்கொண்டே வந்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலையில் அவள் கோப்பைத் திறந்ததையும், மூன்று வரியையும் வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்ததையும், அப்படியே மூடியதையும் நான் பார்த்தேன்.

அன்றைக்குக் கோமு மில்லுக்குக் கீழே டீக்கடையில் என்னைப் பிடித்தாள். “அண்ணே, ஒரு சொல்லோட அர்த்தத்தைப் புள்ளிக் கோப்புல மாத்தி வச்சிட்டாங்க. ஒரே ஒரு தடவை மட்டும் அதைப் பழைய அர்த்தத்துலயே சொல்லணும்னா வழி இருக்கா?”

தொழிலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், என்னைப் போன்றவர்களுக்குத் தலைகால் புரியாது. “அது சின்ன விசயம். சொல்லுக்கு முன்னால ஒரு சாய்கோடு போடணும். மேல் நுனி இடதுபக்கம் சாஞ்சிருக்கணும். அதைப் போட்டா ஷெல் நீ மாத்தி வச்சதைப் பாக்காது, அசல் அர்த்தத்தை எடுத்துக்கும்.”

“எக்ஸிட்னா?”

“எக்ஸிட்தான். ஒரேயடியா மூடிரும். விட்ட எடத்துல திரும்பத் தொறக்காது.”

“சரிண்ணே” என்று சொல்லிவிட்டு என் டீக்கும் சேர்த்து அவளே காசு கொடுத்துவிட்டுப் போனாள். ஏதோ கம்ப்யூட்டர் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி ஒரு மடையன் நான்.

வியாழக்கிழமை காலை நாலாம் தடவையாக அவளைக் கூட்டிப்போக பைக்கோடு போய் நின்றேன். வாசலில் கோலம் போட்டிருந்தது. அக்கா டம்ளரோடு நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, “சாயங்காலம் அடைக்கு ஊறப்போடவா, தோசையே போதுமா?” என்று மகளைக் கேட்டாள். கோமு மூலையில் இருந்த கோலப்பொடி டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, கோலத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். மேல் நுனி இடதுபக்கம் சாய்ந்த ஒற்றைக் கோடு.

முப்பது வருஷம் கறுப்புத் திரையைப் பார்த்தவளுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. டம்ளர் கீழே விழுந்தது. “கோமு, வேண்டாம்டி. இன்னைக்கே எடுத்துருதேன். இப்பமே போயி எடுத்துருதேன்டி, மந்திரத்துகூட பைக்லயே போயிருதேன்.”

“மூணு மாசமா இதத்தானம்மா சொல்லுத.” கோமு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். “போறேம்மா” என்றாள்.

பத்து மாதமாக ஊரில் கேட்காத சொல். குழாயடியில் நின்ற பெண்கள் தண்ணீர் வழிவதையும் மறந்து திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டு போகிற வரைக்கும் அவள் என் முதுகில் நெற்றியை வைத்து அழுதுகொண்டே வந்தாள், “வேற வழி இருந்துச்சாண்ணே?” என்று கேட்டாள். ஒருநாள் பொறுத்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஒருநாள் வந்திருக்குமா என்று எனக்கே தெரியவில்லை, அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அக்கா அன்றைக்கு அடைக்கும் ஊறப்போட்டாள், தோசைக்கும் அரைத்தாள். ஆறு இருபது ஆனது, ஏழு ஆனது. எல்லா வீட்டிலும் எல்லோரும் வந்துவிட்டார்கள், அடுக்களையில் அக்கா மட்டும் தனியாக நின்றாள். மறுநாள் காலையில் எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் முன்னால் கோப்பைத் திறந்து மூன்று வரியையும் அழித்தாள். அன்று சாயங்காலம் நாகலிங்கம் வரவில்லை. இசக்கியம்மை காலி நாற்காலியைப் பார்த்து வாய்விட்டு அழுதாள், தெரு முழுக்கக் கேட்டது, அழுது முடிக்கட்டும் என்று யாரும் போய்த் தேற்றவில்லை. மதகில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே மாதத்தில் கிளம்பிப் போனார்கள். எல்லோரும் “வாரேன்” என்றுதான் சொன்னார்கள். சிலர் பொங்கலுக்கு வந்தார்கள், சிலர் வரவில்லை, தங்கத்துரை குவைத்திலிருந்து பெட்டியில் வந்தான்.

கோமுவால் வர முடியவில்லை. இரண்டாம் வருஷம் விடுமுறைக்குக் கிளம்பித் திருநெல்வேலி வரைக்கும் நன்றாகத்தான் வந்தாள், எங்கள் ஊர்ப் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். எங்கள் ஊர் எல்லையில் இருக்கிற வடகால் பாலத்தைப் பஸ் தாண்டியபோது அவள் இடம் காலியாக இருந்தது. அவள் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில், ஏறின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கார் வைத்துப் பார்த்தாள், நடந்து பார்த்தாள். மூன்றாம் நாள் கண்டக்டர் அவள் விட்டுப்போன பையைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்து, “பாலம் வரைக்கும் பேசிக்கிட்டேதான்க்கா வந்துச்சு” என்றார்.

அதனால் அக்காவே திருநெல்வேலிக்குப் போனாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். கோமுவுக்கு யார் அந்தக் கோட்டைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. தெரியாமல் இருக்காது, எங்கள் ஆபீசில் அந்தக் கோமாளித்தனத்தைப் பண்ணக்கூடிய ஆள் நான் ஒருத்தன்தான். கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எத்தனையோ நாள் எனக்கு இருந்திருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சில் அம்மாவும் மகளும் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கோமு வெளுத்து, கொஞ்சம் இளைத்திருந்தாள். அக்கா கட்டிக்கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைத் தின்றுகொண்டே, அங்கே குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே வராது என்றாள் கோமு. “நீ இங்க எங்கயாவது வீடு பாத்து இரேம்மா, நான் வந்து வந்து பாப்பேன்” என்றாள். அக்கா, “அந்த வீட்டை விட்டுட்டு எப்படிட்டி? ஒருவேளை நீ உள்ள வர முடிஞ்சிருச்சின்னா, பூட்டிக் கெடக்குமே” என்றாள்.

எங்கள் பஸ் ஹாரன் அடித்தது. அக்கா எழுந்தாள், கோமுவும் எழுந்தாள். இப்போது ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சொல்லைச் சொல்ல இரண்டு பேருக்கும் பயம், இன்னொரு சொல்லைச் சொல்ல இரண்டு பேருக்கும் வெட்கம்.

“சரிம்மா” என்றாள் கோமு.

“சரிட்டி.”

“சரி.”

“சரி, சரி.”

பஸ் நகர்ந்தது. கோமு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள், அப்புறம் ஓடினாள், அப்புறம் நின்றுவிட்டாள். வளைவு திரும்புவதற்கு முன்னால் அவள் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது. என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை.

“மந்திரம், அவ கடைசியா என்னமோ சொன்னாளே, எனக்கு வண்டிச் சத்தத்துல கேக்கல. ஒனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுக்கா. வாரேன்னு சொன்னா.”

அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்படியா” என்றாள். பாலம் வருகிற வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை.